சூதுக்கு அடுத்த அதிகாரம்

காலைப் பத்திரிகையின் உள்பக்கத்தில், ஒரு மூலையில், நாலு வரிச் செய்தி வருகிறது. சீட்டாடிக் கடன்பட்ட ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்கு மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருக்கிறார்கள். கையிலிருக்கும் காபி டம்ளரைக் கீழே வைக்காமலேயே நாம் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். "படித்தவனுக்குப் புத்தி எங்கே போயிற்று?" என்கிறார் ஒருவர். "உழைக்காமல் பணம் சேர்க்க வேண்டுமென்ற பேராசை, வேறென்ன?" என்கிறார் இன்னொருவர். "பெண்டாட்டி பிள்ளைகளை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்திருந்தால் இப்படிச் செய்வானா?" என்று பெருமூச்சு விடுகிறார் மூன்றாமவர். பிறகு பக்கத்தைத் திருப்புகிறோம். வழக்கு முடிந்துவிட்டது.

அந்தத் தீர்ப்பை எதிர்த்து அப்பீல் செய்யவே இதை எழுதுகிறேன். சூதாட்டம் நல்லது என்று வாதாட நான் வரவில்லை. குடும்பங்களை அது என்ன செய்கிறது என்பது தெருவில் நடக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த மனிதனைப் பேராசைக்காரன் என்றும், புத்தி கெட்டவன் என்றும் சொல்லி முடித்துவிடுகிறோமே, அது பொய். சாதாரணப் பொய்யாக இருந்தாலும் விட்டுவிடலாம். இது ஆளைக் கொல்லும் பொய்.

பேராசைக்காரனை உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவன் வட்டிக்கு வட்டி வாங்குவான், எடையில் கை வைப்பான், தம்பியின் பங்கைத் தன் பேருக்கு எழுதிக்கொள்வான். ஆனால் கைக்கு வந்த காசை மட்டும் விடமாட்டான். சூதாடியைப் பாருங்கள். இரவு பத்து மணிக்கு ஐம்பதாயிரம் ஜயித்த ஒரு குமாஸ்தா, அதை எடுத்துக்கொண்டு தூங்கப் போவதில்லை. இரண்டு மணிக்குள் அதையும் வைத்து, சம்பளத்தையும் வைத்து, மாமனாரிடம் பொய் சொல்லி வாங்கிய பணத்தையும் வைத்து ஆடி முடிக்கிறார். பணத்துக்கு ஆசைப்படுகிறவன் செய்கிற காரியமா இது? அவருக்கு வேண்டியது பணமானால், அது பத்து மணிக்கே கிடைத்துவிட்டதே! அவரால் நிறுத்த முடியவில்லை என்பதுதான் விஷயம். அந்த 'முடியவில்லை' என்ற சொல்லை நாம் நம்ப மறுக்கிறோம்.

வைத்திய சாஸ்திரம் அதை நம்பி நாற்பது வருஷங்களுக்கு மேலாகிறது. அமெரிக்க மனநல வைத்தியர்களின் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் சூதாட்டத்தை முதன்முதலில் சேர்த்தது 1980-ல். 2013-ல் அதை இன்னும் ஒரு படி நகர்த்தி, குடி, அபின் முதலிய போதை நோய்களின் வரிசையிலேயே வைத்தது. 2022 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் உலக சுகாதார ஸ்தாபனத்தின் பட்டியலும் அப்படியே செய்கிறது. வைத்தியர்கள் ஒன்பது அடையாளங்கள் சொல்கிறார்கள். ஓராண்டுக்குள் அவற்றில் நாலு இருந்தால் நோய். பந்தயத் தொகை வரவர ஏறிக்கொண்டே போவது, நிறுத்த முயன்றால் எரிச்சலும் பரபரப்பும் வருவது, பலமுறை விட்டுவிடப் பார்த்தும் விட முடியாமற் போவது, மனசு நொந்திருக்கும்போது ஆடத் தோன்றுவது, விட்டதைப் பிடிக்க மறுநாளே திரும்பிப் போவது, வீட்டாரிடம் பொய் சொல்வது என்று அந்தப் பட்டியல் போகிறது. படித்துப் பாருங்கள். குடிகாரர் ஒருவரோடு வாழ்ந்திருக்கும் எந்தப் பெண்மணியும் இந்தப் பட்டியலைப் பாதித் தூக்கத்தில் ஒப்பிப்பாள்.

'மனசு நொந்திருக்கும்போது' என்று சொன்னேனே, அங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். சூதாட்ட நோயாளிகளில் மனச்சோர்வும், காரணமில்லாத பதற்றமும், குடியும் உள்ளவர்கள் மற்றவர்களைவிட மிகுதி. உயிரை விட நினைப்பவர்களும் மிகுதி. சூதாடியதால் மனம் கெட்டதா, மனம் கெட்டதால் சூதாடினாரா என்று கேட்டால், இரண்டும் உண்டு. ஆபீஸில் அவமானம், வீட்டில் மௌனம், தனக்குள் ஏதோ ஒரு வெறுமை. சீட்டு கையில் இருக்கிற நேரத்தில் மட்டும் அது தெரிவதில்லை. ஆகவே ஆடுகிறார். ஆடியதால் கடன், கடனால் தூக்கமில்லை, தூக்கமில்லாததால் மனம் இன்னும் சோர்கிறது, சோர்வை மறக்க மறுபடி ஆட வேண்டியிருக்கிறது. செக்கில் கட்டிய மாடு மாதிரி இந்த வட்டத்தில் சுற்றுகிறவரிடம் போய், "கொஞ்சம் யோசித்துப் பார்க்கக் கூடாதா?" என்று கேட்கிறோம். யோசனையிலிருந்து தப்பிக்கத்தானே அவர் அங்கே போனார்?

இன்னும் நம்பிக்கை வராதவர்களுக்கு ஒரு சமாசாரம் சொல்கிறேன். கைகால் நடுக்கத்தோடு வருகிற பார்க்கின்ஸன் நோய்க்கு, மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தின் வேலையைச் செய்யும் மருந்துகளைக் கொடுப்பார்கள். அமெரிக்காவில் மேயோ ஆஸ்பத்திரி வைத்தியர்கள் 2005-ல் அத்தகைய 11 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். மருந்து சாப்பிட ஆரம்பித்த பிறகு அவர்களைச் சூதாட்ட வெறி பிடித்தது. மருந்தை நிறுத்திய பிறகு, பின்தொடர்ந்து பார்க்க முடிந்தவர்களிடம் அந்த வெறி அடங்கியது. அதற்குப் பிறகு பல தேசங்களில் இதையே கண்டார்கள். வயதானவர்கள், கண்ணியமாக வாழ்ந்தவர்கள், ஒரு மாத்திரையினால் சூதாடிகளானார்கள். மாத்திரை போனதும் பழைய மனிதர்களானார்கள். அவர்களுடைய ஒழுக்கம் அந்த மாதத்தில் எங்கே போயிருந்தது என்று உபதேசிகள் சொல்லட்டும்.

எந்த மாத்திரையும் சாப்பிடாத மனிதனுக்குள் இதே காரியத்தைச் செய்யும் வித்தையும் உண்டு. ஸ்கின்னர் என்ற மனோதத்துவ நிபுணர் புறாக்களை வைத்துக் கண்ட உண்மை அது. கொத்தினால் ஒவ்வொரு தடவையும் தானியம் விழும் என்றால் புறா பசி தீர்ந்ததும் போய்விடும். எப்போது விழும் என்று தெரியாமல், சில சமயம் மூன்றாம் கொத்துக்கும் சில சமயம் முப்பதாம் கொத்துக்கும் விழுந்தால், புறா ஓயாமல் கொத்திக்கொண்டே இருக்கும். சூதாட்ட யந்திரத்தின் சூட்சுமமும் இதுதான் என்று ஸ்கின்னரே சொன்னார். அந்தக் காலத்தில் அந்த யந்திரத்தைத் தேடிப் போக வேண்டும். கிளப்புக்கோ குதிரைப் பந்தயத்துக்கோ போனால் நாலு பேர் கண்ணில் படும். செல்போன் வந்த பிறகு யந்திரம் தலையணைக்கு அடியிலேயே படுத்துக்கொண்டது. முதலில் சேர்ந்தவருக்கு இனாம் பணம், நாலு நாள் வராதவருக்கு அன்பான அழைப்பு, ஒரு சீட்டில் தவறிப்போன ஆட்டத்துக்குப் பின் உடனே அடுத்த ஆட்டம். பக்கத்து அறையிலேயே கடன் கொடுக்கும் இன்னொரு ஆப். இத்தனையையும் கட்டி முடித்துவிட்டு, விளம்பரத்தின் கடைசியில் மூச்சு விடாமல் ஒரு வாக்கியம் வேகமாக ஓடும்: பழக்கமாகலாம், பொறுப்போடு ஆடுங்கள். 

இந்த இடத்தில் கவனியுங்கள். உபதேசி சொல்வதும் கம்பெனி சொல்வதும் ஒன்றாகவே இருக்கின்றன. "உன் புத்தி, உன் பொறுப்பு" என்கிறார் உபதேசி. "உங்கள் பொறுப்பு, சார்" என்கிறது கம்பெனி. இருவரும் சேர்ந்து முழுப் பாரத்தையும் அந்த ஒற்றை மனிதனின் தலையில் ஏற்றுகிறார்கள். சூதை வெறுப்பதாக நினைத்துக்கொண்டு நாம் சொல்கிற அந்தத் தீர்ப்பு, சூதுக் கடைக்காரருக்குச் செலவில்லாமல் கிடைத்த வக்கீல் வாதம்.

நம் முன்னோர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிட நிதானமாக இருந்தார்கள். தர்மபுத்திரரை எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டை வைத்து, தம்பிகளை வைத்து, தன்னை வைத்து, மனைவியை வைத்துத் தோற்றார். திரௌபதி கேட்ட வரத்தால் எல்லாம் திரும்பக் கிடைத்தது. ஊருக்குத் திரும்பும் வழியில் மறுபடி ஆட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்து உட்கார்ந்தார்! வைத்தியர்களின் ஒன்பது அடையாளங்களில் எத்தனை அவரிடம் இருந்தன என்று எண்ணிக்கொள்ளுங்கள். அவருக்கு நாம் விதி என்கிறோம், க்ஷத்திரிய தர்மம் என்கிறோம், இன்றும் தர்மர் என்றே அழைக்கிறோம். அடுத்த வீட்டுக் குமாஸ்தாவுக்கு மட்டும் 'திமிர்' என்ற ஒரே சொல்தான் நம்மிடம் இருக்கிறது.

நளன் கதை இன்னும் தெளிவு. புகழேந்தி தம் நளவெண்பாவில் இரண்டு காண்டங்களுக்குக் கலிதொடர் காண்டம், கலிநீங்கு காண்டம் என்று பேர் வைத்தார். நல்லவன் ஒருவனை ஏதோ ஒன்று பற்றுகிறது. பிறகு ஒரு காலத்தில் அது விடுகிறது. அந்தக் கதையில் கலி எப்படி நீங்கினான்? யாரும் நளனைத் திட்டித் திருத்தவில்லை. இருதுபன்னனிடமிருந்து எண்ணும் வித்தையைக் கற்றுக்கொண்ட பிறகு கலி நீங்கினான். இன்றைய மனநல வைத்தியர், "இத்தனை தடவை தோற்றதால் அடுத்தது நிச்சயம் ஜயம்" என்ற பொய்க் கணக்கை நோயாளியின் மனத்திலிருந்து பொறுமையாக எடுக்கிறாரே, அந்தச் சிகிச்சையும் ஒரு வகையில் எண்ணும் வித்தைதான்.

புராணத்தை விட்டு நம் தொடர்கதைகளுக்கு வருவோம். சூதாடும் கணவனை உங்களுக்கு நன்றாகத் தெரியும். இருபதாவது அத்தியாயத்தில் மனைவியின் வளையலைப் பறித்துக்கொண்டு போவான். முப்பதாவது அத்தியாயத்தில் குழந்தைக்கு ஜுரம் வரும். முப்பத்திரண்டாவது அத்தியாயத்தில் அவள் காலடியில் விழுந்து கண்ணீர் விட்டு, அந்தக் கணத்திலேயே திருந்திவிடுவான். நிஜ வாழ்க்கையிலும் அவன் கண்ணீர் விடுகிறான். அந்தக் கண்ணீரும் பொய்யில்லை. ஆனால் அடுத்த வாரம் மறுபடி ஆடுகிறான். கதையில் திருந்தியவனைப் பார்த்துப் பழகிய மனைவி, "என்மேல் பிரியமிருந்தால் விட்டிருப்பாரே" என்று தன்னையே நொந்துகொள்கிறாள். ஜுரத்தில் கிடப்பவரைப் பார்த்து, "என்மேல் பிரியமிருந்தால் உடம்பு குளிர்ந்திருக்குமே" என்று யாராவது அழுவார்களா?

உண்மையைச் சொன்ன கதாசிரியர் ஒருவர் இருந்தார். காரணம், அவரே நோயாளி. தாஸ்தாயெவ்ஸ்கி 1866-ல் 'சூதாடி' என்ற நாவலை 26 நாட்களில் சொல்லச் சொல்ல அன்னா என்ற இளம்பெண் சுருக்கெழுத்தில் எழுதிக்கொண்டாள். சூதாடியின் மனத்தை அதைவிட நுட்பமாகக் கண்டு சொன்னவர்கள் குறைவு. அடுத்த வருஷம் அந்த அன்னாவையே மணந்துகொண்டார். அதற்குப் பிறகு என்ன நடந்தது? ஜெர்மனியின் சூதாட்ட மண்டபங்களில் அன்னாவின் நகைகளையும் கல்யாண மோதிரத்தையும் அடகு வைத்து ஆடினார். 1871 வரைக்கும் ஆடினார். உலகத்திலேயே அந்த வியாதியை நன்றாக அறிந்தவர், தம் அறிவைக் கொண்டு ஐந்து வருஷம் தம்மைக் காப்பாற்றிக்கொள்ள முடியவில்லை. "படித்தவனுக்குப் புத்தி எங்கே போயிற்று?" என்று கேட்கிற அன்பர், அந்தக் கேள்வியைத் தாஸ்தாயெவ்ஸ்கியிடம் கேட்டுப் பார்க்கட்டும்.

கோர்ட்டுகளில் வேறொரு கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்: ரம்மி அதிர்ஷ்டமா, திறமையா? ரம்மியில் திறமையே மிகுதி என்று சுப்ரீம் கோர்ட் 1967-ல் சொன்னது. குதிரைப் பந்தயத்துக்கு 1996-ல் அதையே சொன்னது. ஆன்லைன் ஆட்டத்துக்குத் தமிழ்நாடு போட்ட தடையை 2021-ல் சென்னை ஹைகோர்ட் ரத்து செய்தது. நீதிபதி சந்துரு தலைமையில் 2022-ல் ஒரு கமிட்டி வைத்து, புதுச் சட்டம் செய்து, கவர்னர் திருப்பியனுப்பி, 2023-ல் அது அமலுக்கு வந்தபோதும், அதே ஆண்டு நவம்பரில் ரம்மிக்கும் போக்கருக்கும் அது செல்லாது என்று தீர்ப்பாயிற்று. எல்லாம் அந்தத் 'திறமை' என்ற சொல்லின் பேரில்.

சட்டத்துக்கு அது பெரிய கேள்வியாக இருக்கலாம். நோயாளிக்கு அது கேள்வியே இல்லை. திறமை என்று நம்புவதால் ஆபத்து கூடுமே தவிரக் குறையாது. எலன் லாங்கர் என்ற அமெரிக்க மனோதத்துவ அறிஞர் 1975-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். ஆபீஸ்காரர்களுக்கு ஒரு டாலர் லாட்டரிச் சீட்டு விற்கப்பட்டது. சிலர் தாங்களே பொறுக்கியெடுத்தார்கள். சிலர் கையில் கொடுத்ததை வாங்கிக்கொண்டார்கள். பிறகு, "உங்கள் சீட்டைத் திருப்பி விற்பீர்களா?" என்று கேட்டபோது, வாங்கிக்கொண்டவர்கள் சுமார் 2 டாலர் கேட்டார்கள், பொறுக்கியெடுத்தவர்கள் 8 டாலருக்கு மேல் கேட்டார்கள். சுத்த அதிர்ஷ்டத்தில்கூடத் தன் கை பட்டால் மனிதனுக்கு இத்தனை நம்பிக்கை! கொஞ்சம் நிஜத் திறமையும் கலந்த ரம்மியில் கேட்க வேண்டுமா? தோற்றவனுக்குத் தோல்வி, "இன்னும் கவனமாக ஆடியிருந்தால்" என்றே படுகிறது. அந்த 'இன்னும்' என்ற வார்த்தைதான் அவனை மறுபடி இழுத்துப் போகிறது.

சர்க்காரும் இதில் கையைக் கழுவிக்கொள்ள முடியாது. தமிழ்நாட்டில் 1968 முதல் 2003 வரை சர்க்காரே லாட்டரி நடத்தியது. ஆன்லைன் ஆட்டத்தில் கட்டும் முழுப் பணத்துக்கும் 2023 அக்டோபர் முதல் 28 சதவீதம் வரி போட்டார்கள். 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டு, திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும், ஆன்லைனில் காசு கட்டி ஆடுவதைத் தடுக்கும் சட்டம் நிறைவேற்றியது, பெரிய கம்பெனிகள் காசாட்டத்தை நிறுத்தின, கோர்ட்டுக்கும் போயிருக்கின்றன. தடையை நான் வரவேற்கிறேன். ஆனால், "தடைதான் வந்துவிட்டதே" என்று உட்கார்ந்துவிடுகிறவர்களுக்கு 2003-க்குப் பிந்தைய கதையை ஞாபகப்படுத்துகிறேன். லாட்டரியை ஒழித்தோம், மூன்று நம்பர் லாட்டரி டீக்கடை ஓரத்தில் முளைத்தது, போலீஸார் இன்றும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். கள்ளுக்கடையைப் பூட்டினால் கள் குடித்தவனுக்கு நடுக்கம் நின்றுவிடாது. கடையை மூடினோம், உள்ளே இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று யாராவது பார்த்தோமா?

"நோய் என்று சொல்லிவிட்டால் அவன் செய்ததற்கெல்லாம் மன்னிப்பா?" என்று ஒரு கேள்வி வரும், நியாயமான கேள்வி. ஆபீஸ் பணத்தை எடுத்திருந்தால் அது திருட்டுத்தான். மனைவியின் நகை போனது போனதுதான். அவள் கோபப்பட அவளுக்கு முழு உரிமை உண்டு. சர்க்கரை வியாதிக்காரரை யாரும் பாவி என்பதில்லை. ஆனால் மாத்திரை சாப்பிடுகிற பொறுப்பு அவருடையது. அந்தப் பொறுப்பைச் சூதாட்ட நோயாளியிடமும் கேளுங்கள். ஆனால் கேட்பதற்கு முன் வைத்தியரைக் காட்டுங்கள். உபதேசத்தால் இன்றுவரை அந்த மனைவிக்கு ஒரு பவுன்கூடத் திரும்பி வந்ததில்லை. சிகிச்சையால் அடுத்த பவுனாவது மிஞ்சும்.

இந்த நோயில் உயிர் போவது பெரும்பாலும் பணத்தால் அல்ல, ரகசியத்தால். கடன் எவ்வளவானாலும் அதைத் தீர்க்க வழியுண்டு. விஷயம் வெளியே தெரிந்துவிட்டால் எப்படி முகத்தில் விழிப்பது என்பதற்குத்தான் அவருக்கு வழி தெரியவில்லை. வெளியே தெரிந்தால் என்ன நடக்கும்? காபி டம்ளரோடு நாம் சொல்லும் தீர்ப்பு நடக்கும். அதை அவர் பலமுறை கேட்டிருக்கிறார். பிறர் விஷயத்தில் தாமே சொல்லியும் இருக்கலாம். டாக்டரிடம் போகலாமென்றால், மனநல வைத்தியம் என்றதும் நாம் என்ன சொல்வோம்? 1794 முதல் நோயாளிகளைக் கவனித்து வருகிற ஓர் ஆஸ்பத்திரி இருக்கும் பேட்டையின் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோமே! "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று சிரிக்கும் ஊரில் எந்தக் குமாஸ்தா தைரியமாக அந்த வாசலை மிதிப்பார்? 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம், உயிரை விட முயன்றவரைக் கடும் மன உளைச்சலில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. சட்டத்துக்கு வந்த இரக்கம் நம் திண்ணைகளுக்கு இன்னும் வரவில்லை.

இரக்கம் வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதே ஊரில் அத்தாட்சி இருக்கிறது. குடியினால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் குடிநோயாளிகளுக்காக ஒரு சிகிச்சை நிலையம் தொடங்கினார். குடிகாரன் என்றால் அயோக்கியன் என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், அவனைக் குடிநோயாளி என்று சொல்லி, மனைவியையும் பக்கத்தில் உட்கார வைத்து வைத்தியம் செய்தார்கள். இன்று குடும்பங்கள் தாங்களே அழைத்துக்கொண்டு போகின்றன. குடிக்கு மாறிய நம் நாக்கு சூதுக்கு மாறக் கூடாதா?

செய்ய வேண்டியது மலையைப் புரட்டும் காரியம் அல்ல. வீட்டில் ஒருவருக்கு இந்த நோய் என்று தெரிந்தால், கடனை அடைக்கச் சொல்லி அவர் கையில் பணத்தைக் கொடுக்காதீர்கள்; அது மறுபடி ஆட்டத்துக்கே போகும். வரவு செலவை வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும். கடன்காரருக்கு நேரே கொடுங்கள். கத்துவதற்குப் பதில், "எவ்வளவு கடன் என்று முழுக்கச் சொல்லு, நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். பிறகு மனநல வைத்தியரிடம் அழைத்துப் போங்கள். பேசிப் பேசிச் செய்யும் சிகிச்சை உண்டு. சோர்வுக்கு மருந்து உண்டு. போதைப் பழக்கங்களுக்குக் கொடுக்கும் நால்ட்ரெக்ஸோன் என்ற மருந்தும் சிலருக்கு உதவுகிறது. உயிரை விடப் பேசுகிறார் என்றால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். 14416 என்ற நம்பருக்குக் காசில்லாமல் டெலிபோன் செய்யலாம். சர்க்கார் நடத்தும் மனநல உதவி அது, தமிழிலும் பேசுவார்கள். தடைச் சட்டம் செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: 28 சதவீதம் வசூலித்த பணத்தில் கொஞ்சத்தை, அதைக் கட்டியவர்களின் வைத்தியத்துக்குச் செலவிட்டால் தர்மத்துக்கு விரோதம் ஆகிவிடாது.

நம்முடைய உபதேசிகளுக்குத் திருக்குறள் என்றால் உயிர். சூது என்ற 94-ம் அதிகாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு, வள்ளுவரே சொல்லிவிட்டார் என்பார்கள். வாஸ்தவம், சொன்னார். சூதில் வரும் வெற்றியே மீன் விழுங்கிய தூண்டில் என்று, ஸ்கின்னருக்கு எத்தனையோ நூற்றாண்டு முன்னதாகச் சொன்னார். ஆனால் அந்தப் பத்துக் குறளோடு புஸ்தகத்தை மூடிவிடாதீர்கள். அடுத்த பக்கத்தைத் திருப்புங்கள். 95-ம் அதிகாரம் இருக்கிறது. நோய் இன்னது, அதன் காரணம் இன்னது என்று ஆராய்ந்து, தீர்க்கும் வழி பார்த்து, நோயாளிக்கும் காலத்துக்கும் பொருந்தச் செய் என்று வைத்தியனுக்குச் சொல்லும் அதிகாரம். அதன் பெயர் மருந்து.